நாய் விடுதியும் இரண்டு டப்பாக்களும்

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். அறை சின்னது. கீழே சாவி செய்யும் கடை, பகலெல்லாம் இரும்பை ராவும் சத்தம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடியில் காயும் துணி கைக்கு எட்டும். புது ஆபீசில் பிரிண்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். வேலை என்று இன்னும் எதுவும் கொடுக்கவில்லை.

பஸ் கிளம்பும்போது நாம் போட்ட சண்டையைப் பற்றி எழுதப் போவதில்லை. போனில் பேசினால் 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. இனி எதுவானாலும் மெயிலில்தான் என்று அண்ணன் போட்ட சட்டத்துக்கு நான் கட்டுப்படுகிறேன். எழுத்தில் கத்துவதற்குக் கொஞ்சம் சோம்பலாகவும் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். விடுதி முன்மேசைக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் அதிக நாள் தாங்காது. அதன் மின்விசிறி போடும் சத்தத்தில் நாய்களே குரைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கின்றன. பள்ளி விடுமுறை வரப்போகிறது. எல்லாரும் நாயையும் பூனையையும் உங்களிடம் விட்டுவிட்டு வெளியூர் போவார்கள். யார் எந்தத் தேதியில் வருகிறார்கள், எந்தப் பூனைக்கு என்ன மருந்து, எல்லாம் நம் வெப் பக்கத்தில்தான் இருக்கிறது. அண்ணன் வாங்கி வைத்திருக்கும் புதுக் கம்ப்யூட்டருக்கு அதை இப்போதே மாற்றிவிடுங்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. நம் பக்கம் இரண்டு கன்டெய்னர்களில் ஓடுகிறது. கன்டெய்னர் என்றால் டப்பா என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்கு வேண்டியதையெல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய டப்பா. எந்தக் கம்ப்யூட்டரில் வைத்தாலும் அதே மாதிரி ஓடும். ஒன்று 'வெப்', வாடிக்கையாளர்கள் பார்க்கிற பக்கம். இன்னொன்று 'டிபி', விவரங்களைப் பார்த்துக்கொள்வது. எல்லாம் பென் டிரைவில் இருக்கிறது. என்ன அடிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதி இணைத்திருக்கிறேன்.

இந்த வெப் வேலையை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று நான் சொன்னது தப்பாகப் பட்டிருந்தால் பட்டுவிட்டுப் போகட்டும். இன்னும் என் கருத்து அதுதான்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 5

குட்டிப்பிசாசுக்கு,

'பட்டுவிட்டுப் போகட்டும்' என்று எழுதுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். இருக்கட்டும். எனக்கு எதற்குக் கோபம் வந்தது என்று உனக்கு இன்னும் புரியவில்லை. கம்பெனி என்று சொன்னதற்கு இல்லை. "இத உங்களால ஓட்ட முடியாது அண்ணி" என்று பஸ் படியில் நின்றுகொண்டு சொன்னாயே, அதற்குத்தான். கடிக்கிற நாய்க்கு நகம் வெட்டுகிறவள் நான். எனக்கு இரண்டு டப்பாவை ஓட்டத் தெரியாதா? கம்பெனியும் வேண்டாம், நீ அங்கிருந்தபடியே உள்ளே நுழைந்து சரிசெய்வதும் வேண்டாம். இந்த விடுமுறைக் கூட்டத்தை நானே ஓட்டிக் காட்டுகிறேன். முடியவில்லை என்றால் நானே அந்தக் கம்பெனிக்காரனைக் கூப்பிடுகிறேன். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் நீ சொல்லிக் காட்டலாம்.

இப்போது நிலவரம். நீ எழுதியபடி அடித்தேன். கறுப்புத் திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடின. பிறகு நின்றன. "முடிஞ்சுதா?" என்று உன் அண்ணனைக் கேட்டேன். "இன்னும் ஏதாவது வரும், இரு" என்றார். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு காபி ஆறும்வரை நின்றோம். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராமல் இருந்தால் எல்லாம் நன்றாக நடந்துவிட்டது என்று அர்த்தமாம், உன் குறிப்பின் கடைசி வரியில் போட்டிருக்கிறாய். அதை முதல் வரியில் போட்டால் என்ன?

அடுத்து, நீ கொடுத்த 'லோக்கல்ஹோஸ்ட்' முகவரியை என் போனில் அடித்தேன். அப்படி எதுவும் இல்லை என்கிறது. பல் டாக்டர் தன் நாயைக் கூட்டிப்போக வந்திருந்தார். அவர் போனிலும் அடிக்கச் சொன்னேன். அதிலும் இல்லை. மனிதர் எனக்காக வருத்தப்பட்டார்.

அவர் நாய் இன்ஸ்பெக்டரைப் பற்றி ஒன்று. பேருக்குத்தான் இன்ஸ்பெக்டர். பூனை அறையிலிருந்து ஒரு 'மியாவ்' கேட்டதும் என் காலுக்கு நடுவில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்துவிட்டது.

அண்ணி

*

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்று அப்படித்தான் இருந்தேன்.

'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் 'என் வீடு' என்று அர்த்தம். யார் சொல்கிறார்களோ அவர்கள் வீடு. நீங்கள் போனில் அடித்ததும் போன் தனக்குள்ளேயே தேடியிருக்கிறது. பல் டாக்டரின் போன் அதற்குள்ளே தேடியிருக்கிறது. அந்த முகவரியைப் புதுக் கம்ப்யூட்டரிலேயே திறங்கள், வரும். வெளியாட்களுக்கு வேறு முகவரி. அதைப் புதுக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடும் வழியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பக்கம் வந்ததும் பென் டிரைவில் இருக்கும் பழைய விவரங்களை ஏற்றுங்கள். அதற்கு ஒரே ஒரு கட்டளைதான்.

பிறகு ஒரு விதி. எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் நிறுத்துங்கள், பிறகு தொடுங்கள், பிறகு ஓட்டுங்கள். நிறுத்தினால் டப்பா இரண்டும் காணாமல் போகும். பதற வேண்டாம், மறுபடி ஓட்டும்போது புதிதாக இரண்டு வந்துவிடும். விவரங்கள் டப்பாவுக்குள் இல்லை. வால்யூம் என்று வெளியே தனியாக ஓர் இடம் இருக்கிறது, அங்கே பத்திரமாக இருக்கும்.

இங்கே பிரிண்டரில் தாள் தீர்ந்தால் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். அதைத் தவிர யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. உங்கள் கடிதத்தில் கேள்விகள் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கேளுங்கள்.

நாத்தனார்

*

மார்ச் 10

அடி குட்டிப்பிசாசே,

ஓடுகிறது! எல்லாரும் வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர், பவுடர், மேஜர், அந்த ஒற்றைக்காது பூனை டீச்சர், எல்லாருடைய படமும் மருந்தும் தேதியும் அப்படியே இருக்கின்றன. வெளி முகவரியும் வேலை செய்கிறது. பவுடர் சாப்பிட்டுவிட்டது என்று நான் இங்கே தட்டினேன், அடுத்த நிமிடம் பவுடரின் சொந்தக்காரி இசை ஆசிரியை எங்கிருந்தோ நன்றி சொல்கிறாள்.

உன் வால்யூமும் எனக்குப் புரிந்துவிட்டது. நம் அறைகள் மாதிரிதானே? ஒரு நாய் கிளம்பியதும் அறையைக் குழாய் வைத்துக் கழுவிவிடுகிறோம். உள்ளே எதையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் அதன் போர்வை, பந்து, மருந்து எல்லாம் வெளியே அலமாரியில், அதன் பெயர் ஒட்டிய கூடையில் இருக்கும். அடுத்த முறை வரும்போது எந்த அறையில் போட்டாலும் அந்தப் பெயரைப் பார்த்துக் கூடையை எடுத்துக் கொடுக்கிறோம். சரியா? இதை நீ முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாம்.

உன் அண்ணன் சந்தோஷத்தில் பழைய கம்ப்யூட்டரைப் பிரித்து மேசை முழுக்கப் பரப்பிவிட்டார். மின்விசிறியைச் சரிசெய்கிறாராம். ஒரு திருகாணியை டீச்சர் தட்டிக்கொண்டு போய்விட்டது. பென் டிரைவையும் காலி செய்து பாட்டு ஏற்றிக்கொண்டார். "அதான் ஏத்தியாச்சே, இனிமே இது எதுக்கு?" என்கிறார்.

மாலையில் தொடர்கிறேன். ஓடுகிற டப்பாக்களின் பட்டியலைப் பார்க்க நீ ஒரு கட்டளை கொடுத்திருந்தாய் அல்லவா, அதை அடித்தோம். உன் அண்ணன் அதைப் பல் டாக்டர் முன்னால் சத்தமாகப் படித்தார். எனக்கு ஒன்று காதில் விழுந்தது. அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை.

அண்ணி

*

மார்ச் 14

நாத்தனாருக்கு,

எல்லாம் போய்விட்டது. நீ சொன்ன விதிப்படிதான் நிறுத்தினேன், நீ சொன்னபடிதான் ஓட்டினேன். பக்கம் வருகிறது. உள்ளே ஒரு நாய்கூட இல்லை. 'இன்னும் யாரும் பதிவு செய்யவில்லை' என்று சிரித்த முகத்தோடு ஒரு வரி மட்டும் இருக்கிறது. அந்தச் சிரித்த முகத்தை நீதானே வரைந்தாய்?

சனிக்கிழமையிலிருந்து வரத் தொடங்குவார்கள். யார் வருவார்கள், எத்தனை பேர், யாரை யாரோடு சேர்த்துப் போடக்கூடாது, எதுவும் என்னிடம் இல்லை. மேஜருக்கு எந்த மாத்திரை காலையில், எது மாலையில் என்பதும் போய்விட்டது. அதை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது. கம்பெனியைப் பற்றி எழுதாதே.

அண்ணி

*

மார்ச் 14, மதியம்

அண்ணி,

போன் அடித்துப் பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து இனி எதையும் அடிக்காதீர்கள். முக்கியமாக அண்ணனைக் கம்ப்யூட்டர் பக்கம் விடாதீர்கள். பயன்படாமல் கிடப்பதையெல்லாம் துடைத்துத் தள்ளுகிற கட்டளை ஒன்று உண்டு. இணையத்தில் தேடினால் முதலில் அதுதான் கண்ணில் படும். அதை அடித்தால்தான் உண்மையிலேயே எல்லாம் போகும்.

வெறுமனே நிறுத்தி ஓட்டியதால் எதுவும் அழியாது. இதை நான் அடித்துச் சொல்கிறேன். விவரங்கள் அங்கேதான் எங்கேயோ இருக்கின்றன. பென் டிரைவில் ஒரு நகல் இருக்குமே என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தேன், பிறகு அண்ணனின் பாட்டுகளும் அவர் பிரித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரும் ஞாபகம் வந்தன.

நிறுத்தியதற்கும் ஓட்டியதற்கும் நடுவில் என்ன செய்தீர்கள்? ஏதாவது ஃபைலைத் திருத்தினீர்களா? ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினீர்களா? அதன் பெயரை

அண்ணி, அதன் பெயரைப் பார்த்தீர்களா?

*

மார்ச் 15

நாத்தனாருக்கு,

பார்த்தேன். ஆங்கில எழுத்தில் இருந்ததால் முதலில் ஏதோ கம்ப்யூட்டர் சொல் என்றுதான் நினைத்தேன். உன் அண்ணன் வாய்விட்டுப் படித்த பிறகுதான் புரிந்தது. "ராட்சசி வெப் ஓடுது, ராட்சசி டிபி ஓடுது" என்று அவர் படிக்க, பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "யாருங்க அது?" என்று வேறு கேட்டார். உன் அண்ணன் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நீ என் முகத்துக்கு நேரே என்னை என்ன சொல்லித் திட்டினாலும் நான் திருப்பித் திட்டிவிடுவேன், அத்தோடு தீர்ந்துவிடும். ஆனால் மூன்று வருஷமாக நான் சாப்பாடு வைத்த கையோடு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன், அதற்குள்ளே என் பெயர் அப்படி இருந்திருக்கிறது. அது எனக்கு வலித்தது. நீ போன் அடித்தபோது எடுக்காததும் அதனால்தான். எடுத்திருந்தால் கத்தியிருக்கமாட்டேன், அழுதிருப்பேன்.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு உன் விதிப்படி முதலில் நிறுத்தினேன். டப்பாக்களின் ஃபோல்டருக்கும் அதே பெயர்தான் இருந்தது, அதை 'அண்ணி' என்று மாற்றினேன். ஓட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். பெயர் மாற்றியதற்கா இவ்வளவும்?

நேற்றிலிருந்து ஞாபகம் இருக்கிறவர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு நாய்களைத் தெரிகிறது, மனிதர்களைத் தெரியவில்லை. "வெள்ளைப் பாதம், இடது கண்ணுக்கு மேல மச்சம், அதோட சொந்தக்காரர் நம்பர் இருக்கா?" என்று கடைகடையாகக் கேட்கிறேன். மேஜரின் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

உன் அண்ணன் அந்தத் துடைக்கிற கட்டளையை ஏற்கெனவே கண்டுபிடித்து, ஒரு சீட்டில் எழுதி, சட்டைப்பையில் வைத்திருந்தார். "இடம் அடைச்சிக்கிட்டுதான் இப்படி ஆகுது, ஒரே ஒரு தடவ க்ளீன் பண்ணிப் பாக்கிறேனே" என்று காலையிலிருந்து நச்சரிக்கிறார். விசைப்பலகையைப் பிடுங்கிப் பூனை அறையில் பூட்டிவைத்திருக்கிறேன். டீச்சர் அதன் மேல் படுத்திருக்கிறது. இனி யாரும் கிட்டப் போக முடியாது.

அண்ணி

*

மார்ச் 15, மாலை

அன்புள்ள அண்ணிக்கு,

டீச்சருக்கு என் சார்பில் ஒரு மீன் துண்டு கொடுங்கள். விவரங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

நீங்கள் சொன்ன கூடைகள்தான். இந்த மென்பொருள் ஃபோல்டரின் பெயரைப் பார்த்துத்தான் டப்பாவுக்கும் கூடைக்கும் பெயர் ஒட்டுகிறது. இவ்வளவு நாள் 'ராட்சசி' என்ற கூடையில் சேர்த்தது. நீங்கள் பெயரை மாற்றியதும் அதற்கு 'அண்ணி' என்று புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள் என்று தோன்றியிருக்கிறது. மரியாதையாக ஒரு புதுக் கூடையை எடுத்துக் கொடுத்துவிட்டது. அதனால்தான் அண்ணியிடம் ஒன்றுமே இல்லை. எல்லாம் ராட்சசியிடம் இருக்கிறது.

இரண்டு வழி இருக்கிறது. நிறுத்திவிட்டு, ஃபோல்டருக்குப் பழைய பெயரையே வைத்து ஓட்டுங்கள், எல்லாரும் திரும்பி வருவார்கள். அல்லது 'அண்ணி' என்ற பெயரே இருக்கட்டும், பழைய கூடையில் இருப்பதைப் புதுக் கூடைக்கு மாற்றும் கட்டளைகளைக் கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம், ஆனால் உங்களால் முடியும். எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம்.

அந்தப் பெயரைப் பற்றி. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் வேலையை இழந்து வீட்டுக்கு வந்து அறைக்குள் படுத்துக் கிடந்தேனே, அப்போது வீட்டில் எல்லாரும் பூனை நடை நடந்தார்கள். அண்ணன் டீயைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடிவிடுவார். ஒரு நாள் நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். ஜன்னல் திரையை விலக்கினீர்கள். சோப்பு நுரையோடு சொட்டச் சொட்ட நனைந்த ஒரு நாய்க்குட்டியை என் படுக்கை மேல் போட்டீர்கள். "தொடச்சு விடு, எனக்குக் கை ஒழியல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். "ராட்சசி!" என்று நான் வாய்விட்டே சொன்னேன். உங்கள் காதில் விழவில்லை. அந்தக் குட்டிதான் பவுடர்.

படுக்கை நனைந்துவிட்டதால் படுக்க இடமில்லை. கீழே வந்தேன். நீங்கள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "சாப்பிட்டுச்சு, தூங்குச்சு, நல்லா இருக்கு" என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே மேஜரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தீர்கள். இதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு பக்கம் செய்தால் என்ன என்று தோன்றியது. அன்றைக்கே கம்ப்யூட்டரில் புது ஃபோல்டர் ஒன்று திறந்தேன். பெயர் கேட்டது. அதை அடித்தேன். அடிக்கும்போதே கோபம் பாதிதான் இருந்தது.

பிறகு மாற்றியிருக்கலாம். மனம் வரவில்லை. அண்ணி என்று உங்களை எல்லார் முன்னாலும் கூப்பிடுகிறேன். என்னை எழுப்பி உட்காரவைத்தவளுக்கு எனக்கென்று ஒரு பெயர் வேண்டியிருந்தது. உங்களுக்கு வலித்திருக்கிறது, அது என் தப்பு. பஸ் படியில் நின்று சொன்னதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உங்களால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. முடிந்துவிட்டால் என்னைத் தேடமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

இன்னொன்று. தினமும் ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். அண்ணன் கைக்கு எட்டாத இடத்தில். அதற்கான கட்டளையும் கீழே இருக்கிறது. அந்த ஃபோல்டருக்குப் பெயர் நீங்களே வையுங்கள்.

இன்று ஆபீசில் இந்தக் கதையைப் பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன். இத்தனை நாள் தாள் மட்டும் கேட்டவள், "அய்யோ, இதே தப்ப நானும் பண்ணியிருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சேர்ந்து சாப்பிட்டோம்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 18

என் குட்டிப்பிசாசுக்கு,

உன் நீளமான கட்டளைகளைப் படித்துப் பார்த்தேன். புரிந்தது. செய்திருப்பேன். ஆனால் செய்யவில்லை.

டீச்சரை எழுப்பி விசைப்பலகையை எடுத்தேன். கையில் ஒரு கீறல். நிறுத்தினேன். ஃபோல்டரின் பெயரை நானே என் விரலால் பழையபடி மாற்றினேன். ஓட்டினேன். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. நல்லது என்றால் ஒன்றும் வராது என்று இப்போது எனக்குத் தெரியும். பக்கத்தைத் திறந்தால் முதல் படம் இன்ஸ்பெக்டர், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அதற்குக் கீழே பவுடர். மேஜரின் மாத்திரைகள், காலை, மாலை, எல்லாம் சரியாக. முன்மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். உன் அண்ணன் பயந்துபோய் டீ போட்டுக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

சனிக்கிழமைக் கூட்டம் வந்து முடிந்தது. எல்லா அறையும் நிறைந்துவிட்டது. ஒரு குழப்பமும் இல்லை. கம்பெனிக்காரனைக் கூப்பிடவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். பல் டாக்டர் இன்ஸ்பெக்டரை விட வந்தபோது, "ராட்சசி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். "நல்லா ஓடுறா" என்றேன்.

தினமும் விடுதியைச் சாத்துவதற்கு முன்னால் நகல் எடுத்துவிடுகிறேன். அந்த ஃபோல்டருக்குக் 'குட்டிப்பிசாசு' என்று பெயர் வைத்திருக்கிறேன். "ராட்சசிக்கு ஏதாவது ஆனாலும் குட்டிப்பிசாசுகிட்ட எல்லாம் பத்திரமா இருக்கும்" என்று உன் அண்ணனிடம் விளக்கினேன். "அது எப்பவும் அப்படித்தானே?" என்று சொல்லிவிட்டு மறுபடி திருகாணி தேடப் போய்விட்டார்.

நான் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன். அதனால் உன்னைத் தேடமாட்டேன் என்று யார் சொன்னது? லீவு கிடைத்ததும் வா. இங்கே நனைந்த நாய்கள் நிறைய இருக்கின்றன, எனக்குக் கை ஒழியவில்லை.

இப்படிக்கு,
ராட்சசி